எ.இ.

இரண்டு வருடங்களாக அந்த ஆய்வகத்தின் மூன்றாவது அறையில் இரண்டு பெண்கள் ஒரு பதிவேட்டின் வழியாக மட்டுமே பேசிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் பக்க மேசையில் நாத்தனார். ஆய்வாளர் பதவி, நிரந்தர வேலை, கதவில் பெயர்ப் பலகை. கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்து மேசையில் அண்ணி. தொழில்நுட்ப உதவியாளர், எட்டு வருடமாகத் தற்காலிகம். நடுவில் ஒரு இரும்பு அலமாரி. அதன் மேல் பதிவேடு. அண்ணி எழுதி வைப்பாள். அவள் தண்ணீர் பிடிக்கப் போகும்போது நாத்தனார் எடுத்துப் படித்துவிட்டு அதே இடத்தில் வைப்பாள்.

வேலை மரங்களைப் பற்றியது. ஆய்வகத்துக்கும் எதிரே இருந்த மருத்துவமனையின் நெஞ்சு நோய்ப் பிரிவுக்கும் இடையே ஒரு சாலை. சாலை ஓரம் பதினொரு தூங்குமூஞ்சி மரங்கள். அவற்றின் கிளைகள் மருத்துவமனை இரண்டாம் மாடியின் ஜன்னல் கம்பிகளை உரசிக்கொண்டு நின்றன. வார்டில் மூச்சிரைப்பு கூடினால் பழி மரங்களின் மேல் விழும். ஜன்னலை அடைத்தால் புழுக்கம் தாங்காமல் நோயாளிகள் சண்டை பிடிப்பார்கள். மருத்துவமனை நிர்வாகம் ஆய்வகத்திடம் ஒரு கேள்வி கேட்டிருந்தது. அந்த மரங்களைச் சுற்றி மண்ணிலும் இலையிலும் காற்றிலும் எந்தப் பருவத்தில் எவ்வளவு பூஞ்சை இருக்கிறது, எந்த மாதம் ஜன்னலைத் திறக்கலாம்? ஒரு வருடம் முழுக்க மாதிரி எடுத்து நாத்தனார் பதில் எழுதவேண்டும். மாதிரி எடுப்பதும் எண்ணுவதும் அண்ணியின் வேலை.

இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணிக்கு, முக்காலியும் கரண்டியும் கத்தரிக்கோலும் பனிப்பெட்டியுமாக அண்ணி சாலையில் இறங்குவாள். ஒவ்வொரு மரத்தடியிலும் நாலு விரல் ஆழத்தில் ஒரு கரண்டி மண். கைக்கு எட்டும் கிளையில் ஒரு கொத்து இலை. பிறகு காற்று. உருளைக்கிழங்குச் சாற்றில் காய்ச்சி உறையவைத்த கூழ் ஊற்றிய வட்டக் கண்ணாடித் தட்டை முக்காலியின் மேல் வைத்து, மூடியை எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் நிற்கவேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் அதில் வந்து விழுவதுதான் அந்த மரத்தடிக் காற்று. பக்கத்தில் நின்று தும்மக்கூடாது, பேசவும் கூடாது. போகிறவர்கள் சும்மா போக மாட்டார்கள்.

"என்னம்மா, தட்டு காலியா இருக்கு. இன்னும் யாரும் எதுவும் போடலையா?"

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "உங்களை மாதிரி ஆளுங்க நகர்ந்தா தானா விழும்" என்பாள்.

விழுந்தவை கண்ணுக்குத் தெரியும் புள்ளிகளாக வளர ஐந்து நாள் விட்டு எண்ணுவாள். மண்ணைப் பத்துப் பங்கு, நூறு பங்கு, ஆயிரம் பங்கு தண்ணீரில் கலக்கிக் கலக்கி ஊற்றுவதால் அதில் எவ்வளவு இருந்தாலும் எண்ணிவிடலாம். இலையைக் கழுவிய தண்ணீரையும் அப்படியே செய்யலாம். அவள் வைக்கும் காற்றுத் தட்டில் அந்த வசதி கிடையாது. விழுந்தது விழுந்ததுதான். கோடையில் ஒரு தட்டில் முப்பது நாற்பது புள்ளி வரும், மிளகுத்தூள் தூவினது போலக் கறுப்பாக. இலை உதிரும் மாதங்களில் எண்பது தொண்ணூறு, சாம்பலும் பாசிப் பச்சையும் கலந்து. மழை பிடித்து இரண்டாவது வாரத்திலிருந்து புள்ளி என்று தனியாக எதுவும் இருக்காது. ஒன்றின் மேல் ஒன்று ஏறி விளிம்புவரை அடைத்துக்கொள்ளும். சில தட்டுகளில் வெள்ளைப் பஞ்சு வளர்ந்து மூடியை முட்டும். அப்படிப்பட்ட தட்டுக்கு நேரே அண்ணி பதிவேட்டில் எ.இ. என்று எழுதுவாள். எண்ண இயலாது. அவளுக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவர் அப்படித்தான் எழுதினார். அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒவ்வொரு முறையும் திறக்காமலே ஒரு தட்டு வைப்பார்கள். அதற்கு நேரே 'சுத்தம்' என்று எழுதுவாள்.

நாத்தனார் வேறு ஒரு நிறுவனத்தில் படித்து வந்தவள். அங்கே இந்தக் குறியீடு கிடையாது. மழை மாதங்களின் காற்றுப் பத்தியில் வரிசையாக எ.இ., எ.இ., எ.இ. என்று இருப்பதைப் பார்த்தாள். எதுவும் இல்லை என்று படித்தாள்.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அலமாரியைச் சுற்றி வர ஆறு அடிதான்.

கேட்காததற்குக் காரணம் ஒரு மஞ்சள் வாளி. ஆய்வாளர் வேலை காலியாக இருக்கிறது, விண்ணப்பம் போடு என்று நாத்தனாரிடம் சொன்னதே அண்ணிதான். முதல் ஆறு மாதம் இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குச் சாப்பிட வந்த நாத்தனார், கை கழுவப் போனவள், பாத்திரம் துலக்கும் தொட்டிக்குப் பின்னால் ஈரம் ஊறிய சுவரைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்துக்கொண்டு போனாள். யாரிடமும் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு பயிற்சி வகுப்பு. நாற்பது பேர். திரையில் ஒரு தட்டு தெரிந்தது, அதில் பதினொரு நிறத்தில் பூஞ்சை. அடுத்த படத்தில் அது எடுக்கப்பட்ட சுவர். கீழே 'ஒரு நடுத்தரக் குடும்பத்தின் சமையலறை' என்று எழுதியிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். படத்தின் ஓரத்தில் கைப்பிடி உடைந்து கயிறு கட்டிய மஞ்சள் வாளி ஒன்று தெரிந்தது.

"அந்த வாளியை நான் எங்கயோ பார்த்திருக்கேனே" என்றார் ஸ்டோர் கீப்பர். அவர் அண்ணி வீட்டுக்குப் பல தடவை வந்து போனவர். சொன்ன பிறகுதான், வினாத்தாள் கட்டோடு பக்கத்தில் அண்ணி நிற்பதைக் கவனித்தார்.

அன்று வீட்டில் அவள் கணவனிடம் கேட்டாள்: "என் வீட்டுச் சுவத்தைத் தடவிப் பார்க்க உன் தங்கச்சிக்கு யார் அனுமதி கொடுத்தது?"

"ஏதோ அறிவியலுக்காகப் பண்ணியிருக்கா. விடேன்."

"ஏன், அவ வீட்டுல அறிவியல் இல்லையா?"

தங்கையிடம் போய்க் கேட்டான். அவளும் விடவில்லை. "பேர் போட்டேனா? யார் வீடுன்னு சொன்னேனா? அவங்களா வந்து மாட்டிக்கிட்டா நான் என்ன பண்றது, அண்ணா? சுவத்தைச் சுத்தமா வெச்சுக்கச் சொல்லு."

அவன் லிஃப்ட் மெக்கானிக். ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்ட லிஃப்ட்டைக்கூட இறக்கிடலாம், உங்க ரெண்டு பேருக்கு நடுவுல மாட்டிக்கிட்டவன் கதி அவ்வளவுதான் என்று இரண்டு வீட்டிலும் ஒரே வசனத்தைச் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான்.

அறிக்கை கோடையில் தயாரானது. நாற்பது பிரதி எடுக்கவேண்டும் என்று ஸ்டோர் கீப்பர் கட்டைக் கொண்டுவந்து அண்ணியின் மேசையில் வைத்தார். நகல் இயந்திரம் பக்கம் பக்கமாகத் துப்பிக்கொண்டிருந்தது. ஒன்பதாவது பக்கத்தில் அவள் அதை நிறுத்தினாள்.

ஒரு வரைபடம். மண்ணுக்கு ஒரு நிறம், இலைக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று. மழை மாதங்களில் மண்ணும் இலையும் மேலே ஏறியிருந்தன. காற்று தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. கீழே இரண்டு வரி: 'மழை காற்றைக் கழுவிவிடுகிறது. மழை மாதங்களில் காலை வேளைகளில் மரங்களின் பக்கமுள்ள ஜன்னல்களைத் தயக்கமின்றித் திறந்து வைக்கலாம்.'

என்ன நடந்திருக்கிறது என்று புரிய அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். நன்றி சொல்லியிருந்தார்கள், வண்டி ஓட்டுநருக்குக்கூட. தன்னைத் தேடினாள். 'மற்றும் ஆய்வகப் பணியாளர்கள்' என்று இருந்தது. மழையில் முக்காலியோடும் குடையோடும் பதினொரு மரத்தடியில் நின்றவள் அந்த 'மற்றும்' என்ற சொல்லுக்குள் எங்கோ இருந்தாள்.

இதை நாற்பது பேர் படிப்பார்கள் என்று நினைத்தாள். விஷயம் தெரிந்த ஒருவராவது அதில் இருப்பார். மழைக்காலத்துக் காற்றில் பூஞ்சையே இல்லையா என்று கூட்டத்தில் கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவள் பட்டனை அழுத்தினாள். நாற்பது பிரதியும் ஒரு பக்கம்கூடக் கசங்காமல் வந்தன.

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. மழை காற்றைக் கழுவுகிறது என்பது கேட்க நன்றாக இருந்தது, நியாயமாகவும் இருந்தது. இயக்குநர் நாத்தனாருக்குக் கை கொடுத்தார். மறுநாள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த வாரம் சொன்னால் ஏன் போன வாரம் சொல்லவில்லை என்று கேட்பார்கள். ஒரு மாதம் போனபின் கேள்வி இன்னும் பெரிதாகிவிட்டது. அதே மாதத்தில்தான், தற்காலிகப் பணியாளர்களை நிரந்தரமாக்கும் பட்டியல் மேலே போனது. அவள் பெயர் மூன்றாவது.

"மழை முடியறதுக்குள்ள ஆர்டர் வந்துடும்" என்றார் இயக்குநர். "நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க. எந்த வம்பும் வராம பார்த்துக்கங்க."

எட்டு வருடத்தில் அவளிடம் யாரும் அவ்வளவு உறுதியாக எதையும் சொன்னதில்லை.

மழை வந்தது. முதல் வாரமே இரண்டாம் மாடி ஜன்னல்கள் திறந்துகொண்டன. காலையில் ஆய்வகத்துக்கு வரும்போது அண்ணி சாலையின் இந்தப் பக்கமிருந்து அண்ணாந்து பார்ப்பாள். ஆறு ஜன்னல். ஆறும் திறந்திருக்கும். ஒரு கிளை உள்ளேயே நீட்டிக்கொண்டிருந்தது. குனிந்துகொண்டு ஆய்வகத்துக்குள் போவாள்.

ஜன்னல் திறந்த பதினெட்டாவது நாள் நெஞ்சு நோய் மருத்துவர் நனைந்த காலோடு இயக்குநர் அறைக்குள் வந்தார். கையில் அறிக்கை, ஒன்பதாவது பக்கம் மடிக்கப்பட்டிருந்தது.

"இதை நம்பித்தான் ஜன்னலைத் திறந்தோம்" என்றார். "ஆறு பேருக்கு மோசமாயிருக்கு. எல்லாரும் ஜன்னல் ஓரப் படுக்கை. சுவர் ஓரமா இருக்கறவங்களுக்கு ஒண்ணும் ஆகல. இது எப்படின்னு எனக்கு யாராவது சொல்லுங்க."

நாத்தனாரைக் கூப்பிட்டார்கள். அவள் நின்றுகொண்டே பதில் சொன்னாள். "மழை சமயத்துல சளி காய்ச்சல் பரவுறது சகஜம், டாக்டர். எல்லாத்துக்கும் மரம்தான் காரணம்னு சொல்ல முடியாது."

"நான் மரத்தைச் சொல்லல. உங்க அறிக்கையைச் சொல்றேன்."

இயக்குநர் இருவருக்கும் நடுவே கையை நீட்டினார். "சண்டை எதுக்கு? அந்த ஜன்னல்ல ஒரு தட்டு வெச்சுப் பாருங்க. அஞ்சு நாள்ல தெரிஞ்சுடும்." அப்புறம் மருத்துவரைப் பார்த்து, "அதுவரைக்கும் மூடியே வைங்க" என்றார்.

நாத்தனார் மூன்றாவது அறைக்கு வந்து, அலமாரிக்கு இந்தப் பக்கம் நின்று, உள்ளே இருந்த ஸ்டோர் கீப்பரிடம் சொன்னாள்: "வார்டு ஜன்னல்ல தட்டு வைக்கணும்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க."

ஸ்டோர் கீப்பர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி ஆறு அடி தூரத்தில் இருந்தாள். "சொல்லட்டுமா?" என்றார்.

"காது கேக்குது" என்றாள் அண்ணி. "எத்தனை தட்டுன்னு அவங்ககிட்ட கேளுங்க."

"மூணு" என்றாள் நாத்தனார், ஸ்டோர் கீப்பரிடம்.

"மூணாம்" என்றார் அவர் அண்ணியிடம். "நான் இங்க எதுக்கு, மொழிபெயர்ப்பாளரா?" அண்ணி மூன்று தட்டை எடுத்து அடுக்கினாள்.

வார்டில் நான்காவது ஜன்னலின் விளிம்பில் முதல் தட்டு. தட்டு வைக்க மட்டும் பத்து நிமிடம் ஜன்னலைத் திறக்க அனுமதித்திருந்தார்கள். பக்கத்துப் படுக்கையில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாய். படுத்தால் மூச்சு முட்டியதால் மூன்று நாளாக உட்கார்ந்தே தூங்குவதாகச் செவிலியர் சொன்னாள். அவர் அண்ணியின் கையிலிருந்த தட்டைப் பார்த்தார்.

"என்ன... சாப்பாடா?"

"இல்லைங்க. காத்தைப் பிடிக்கற தட்டு."

"பிடிங்க பிடிங்க." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே நின்று நின்று வந்தது பேச்சு. "எனக்குத்தான்... பிடிக்க முடியல."

அண்ணி மூடியை எடுத்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். தட்டுக்குப் பக்கத்தில் பேசக்கூடாது என்பதால் இரண்டடி தள்ளி நின்றாள். அது அவரது படுக்கையின் கால்மாடு.

"இந்தப் படுக்கை... அடிச்சுப் பிடிச்சு வாங்கினது" என்றார் கண்டக்டர். "நான் உள்ள... சுவத்தோரம் இருந்தேன். ஜன்னலைத் திறக்கப் போறாங்க, ஏதோ ஆராய்ச்சி பண்ணி... நல்ல காத்துன்னு சொல்லிட்டாங்கன்னு நர்ஸம்மா சொன்னா. முப்பது வருஷம் பஸ்ல... எல்லாருக்கும் ஜன்னல் சீட்டு. எனக்குக் கிடைச்சதே இல்ல. சண்டை போட்டு மாத்திக்கிட்டேன்."

அவருக்கு இருமல் வந்தது. அது நிற்கச் சில நிமிடங்கள் ஆயின. செவிலியர் வந்து முதுகைப் பிடித்துக்கொண்டாள். அண்ணி கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பத்து நிமிடம் முடிந்ததும் தட்டை மூடினாள், ஜன்னலைச் சாத்தினாள், கொக்கியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

ஐந்து நாள் கழித்து மூன்று தட்டையும் இயக்குநர் மேசையில் வைத்தார்கள். மூன்றிலும் கண்ணாடி தெரியவில்லை. பச்சை, சாம்பல், கடுகு மஞ்சள், நடுவில் கறுப்பு, எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் பஞ்சு. மருத்துவர் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

இயக்குநர் போன வருடப் பதிவேட்டைத் திறந்தார். "எ.இ.ன்னா என்ன?"

"எண்ண இயலாது, சார்" என்றாள் அண்ணி.

நாத்தனாரின் முகம் ஒரு கணம் வெறுமையாக இருந்தது. பிறகு சிவந்தது. ஆனால் அவள் சுலபத்தில் விட்டுக்கொடுக்கிறவள் அல்ல.

"இது என்னோட தப்பு இல்ல, சார். பதிவேட்டுல என்ன இருந்ததோ அதைத்தான் எடுத்தேன். எழுதறவங்க அடுத்தவங்களுக்குப் புரியற மாதிரி எழுதணும். தன் இஷ்டத்துக்கு ரெண்டு எழுத்தைப் போட்டு வெச்சா நான் கனவா காண முடியும்? மூணாவது அறைக்கு முறையாப் படிச்ச ஆள் வேணும்னு போன வருஷமே எழுதிக் கொடுத்திருக்கேன். நீங்க எடுத்துப் பார்க்கலாம்."

அண்ணி அவள் பக்கம் திரும்பினாள். இரண்டு வருடத்தில் முதல் தடவை.

"திறக்காத தட்டுக்கு நேரே என்ன எழுதியிருக்கேன், மேடம்?"

நாத்தனார் பதிவேட்டைப் பார்த்தாள்.

"சுத்தம்னு எழுதியிருக்கேன். எல்லாப் பக்கத்துலயும். ஒண்ணும் இல்லாத தட்டுக்கு சுத்தம்னு எழுதத் தெரிஞ்சவ, மழைக்காலத்துக்கு மட்டும் வேற வார்த்தை தேடிப் போவேனா?"

இயக்குநர் பக்கங்களைப் புரட்டினார். ஸ்டோர் கீப்பரைக் கூப்பிட்டு அறையிலுள்ள பழைய பதிவேடுகளையெல்லாம் எடுத்து வரச் சொன்னார். மூன்று தடித்த புத்தகங்கள் தூசியோடு வந்தன. முதல் புத்தகத்தின் அட்டையின் உட்புறத்தில், எப்போதோ ஓய்வுபெற்றுப் போன யாரோ ஒருவரின் அழகான கையெழுத்தில் குறியீடுகளின் பட்டியல் ஒட்டியிருந்தது. நான்காவது வரி: எ.இ. – எண்ண இயலாது, முந்நூறுக்கு மேல்.

"அலமாரியிலதான் இருந்தது" என்றார் ஸ்டோர் கீப்பர்.

"உங்களைக் கேக்கல." இயக்குநர் நாத்தனாரைப் பார்த்தார். "புரியலைன்னா கேட்டிருக்கலாமே. பக்கத்துலதானே இருக்காங்க?"

"புரியலைன்னு தோணவே இல்ல, சார்."

"அவங்க ரெண்டு பேரும் பேசிக்கறது இல்ல" என்றார் ஸ்டோர் கீப்பர், மறுபடி.

மருத்துவர் நாற்காலியில் நிமிர்ந்தார். "பேசறது இல்லையா? ஏன்?"

மஞ்சள் வாளி என்று சொல்லவா முடியும்.

இயக்குநர் பதிவேட்டை மூடினார். அவருக்கு இது சீக்கிரம் முடியவேண்டும். பட்டியல் மேலே இருந்தது. அதில் மூன்றாவது பெயர் மேல் எந்தக் கறையும் விழாமல் பார்த்துக்கொள்ள நினைத்தார், அது அவர் அனுப்பிய பட்டியல் என்பதால். அண்ணியைப் பார்த்து, தலையை ஆட்டினால் போதும் என்கிற மாதிரி கேட்டார்: "சரி. ஒரு ஃபார்மாலிட்டிக்குக் கேக்கறேன். அறிக்கை வெளிய போறதுக்கு முன்னாடி நீங்க அதைப் பார்க்கல. அப்படித்தானே?"

அவள் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, யாரிடமும் இல்லாதது போலச் சொன்னாள்.

"நகல் எடுக்கறவங்க எங்க சார் படிக்கப்போறாங்க."

"படிச்சேன்" என்றாள் அண்ணி.

இயக்குநர் அவளைப் பார்த்தார். பேசாதே என்று அந்தப் பார்வை சொன்னது. அவளுக்கு அது புரிந்தது.

"ஒன்பதாம் பக்கம். மெஷினை நிறுத்திட்டுப் படிச்சேன். படமும் பார்த்தேன், கீழே இருந்த ரெண்டு வரியும் படிச்சேன். எ.இ.யை என்னன்னு எடுத்திருக்காங்கன்னு புரிஞ்சது. தப்புன்னு தெரிஞ்சேதான் மறுபடி பட்டனை அழுத்தினேன்."

"ஏன்?" என்றது நாத்தனார். இரண்டு வருடத்தில் அவளையறியாமல் அண்ணியிடம் கேட்ட முதல் நேர்க் கேள்வி அது.

"நாப்பது பேர் முன்னாடி நீ நிக்கணும்னுதான்."

மருத்துவர் மெதுவாகக் கேட்டார். "அப்போ நாலு மாசமா உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"பதினேழு நாள் ஜன்னல் திறந்திருந்தது."

"அதுவும் தெரியும். கீழே நின்னு தினமும் பார்த்தேன்."

மருத்துவர் எழுந்துகொண்டார். அறிக்கையை இயக்குநரின் மேசையில் போட்டார். "நான் மரத்தை வெட்டச் சொல்லல. எந்த மாசம் ஜன்னலை மூடணும்னு மட்டும்தான் கேட்டேன். இவ்வளவு படிச்சவங்க இருக்கற இடத்துல இதுக்கு ஒரு பதில் வாங்க முடியல." கதவருகே நின்று இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். யாரிடம் கோபப்படுவது என்று முடிவு செய்ய முடியாதவர் போல இருந்தார். பிறகு போய்விட்டார்.

அறிக்கை திரும்பப் பெறப்பட்டது. நாத்தனாருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. இரண்டு நாளில் பட்டியலும் திருத்தப்பட்டு வந்தது. நான்காவதாக இருந்த வண்டி ஓட்டுநரின் பெயர் மூன்றாவதாக ஏறியிருந்தது. அவர் அண்ணியின் மேசைக்கு வந்து என்னவோ சொல்லத் தொடங்கி, முடிக்காமல் போனார்.

வீட்டில் கணவன் வேலை உடையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தான். தங்கை ஏற்கனவே போன் செய்திருக்க வேண்டும்.

"அந்த ஆளே பார்க்கலன்னு சொல்லச் சொல்லித்தானே கேட்டிருக்கார்" என்றான். "எட்டு வருஷம். ஒரு தலையாட்டல். அதைப் பண்ணிட்டுப் போறதுக்கு என்ன?"

"உன் தங்கச்சி எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு சொன்னா."

"அதுக்காகவா சொன்ன?"

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அதுக்காகவும்தான்" என்றாள்.

"வேற எதுக்கு?"

அவள் அடுத்த துணியை எடுத்தாள். கண்டக்டரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள் என்று அன்று காலை செவிலியர் சொல்லியிருந்தாள். அங்கே ஜன்னலே கிடையாது.

இயக்குநர் ஒரு உத்தரவு போட்டார். மழைக்காலக் கணக்கு மறுபடி எடுக்கப்படவேண்டும். மாதிரி எடுக்கும்போதும் எண்ணும்போதும் இருவரும் கூட இருக்கவேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு கையெழுத்து. மருத்துவமனையிலிருந்து, எத்தனை என்பது எண்ணாகவே வேண்டும், எழுத்தாக வேண்டாம் என்று ஒரு வரி வந்திருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மழை தூறிக்கொண்டிருந்தது. நாத்தனார் குடை பிடித்துக்கொண்டு பதினொரு மரத்தடியிலும் நின்றாள். அவள் செருப்பு சேற்றில் மாட்டி வார் அறுந்தது. அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவர், "இன்னிக்கு ரெண்டு பேரா? வசூல் அதிகமோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். நாத்தனாருக்கு அது புரியவில்லை. அண்ணி விளக்கவும் இல்லை.

ஐந்து நாள் கழித்துத் தட்டுகளை வளர்ப்புப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தார்கள். பெட்டியைத் திறந்ததும் ஈர மண் வாசனை அறை முழுக்கப் பரவியது. இந்த முறை தட்டுகளைப் பத்து நிமிடத்துக்குப் பதில் இரண்டே நிமிடம் திறந்து வைத்திருந்தார்கள். அப்படியும் இடம் விடாமல் நிறைந்திருந்தன. நாத்தனார் அலமாரியைச் சுற்றி வந்தாள். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலிதான் இருந்தது. தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து போட்டாள்.

"எதுலேர்ந்து ஆரம்பிக்கணும்?" என்றாள். யாரிடம் கேட்கிறாள் என்பது தெளிவாக இருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை.

அண்ணி ஒரு தட்டைக் கவிழ்த்து வெளிச்சப் பெட்டியின் மேல் வைத்தாள். மை பேனாவை அதன் பக்கத்தில் வைத்தாள்.

"ஒவ்வொண்ணுக்கும் அடிக் கண்ணாடியில ஒரு புள்ளி வை. நாலு பாகமாக் கோடு போட்டுக்கிட்டு எண்ணு. வச்ச புள்ளி மேல திரும்ப வைக்காதே."

அலுவலகத்தில் யாரும் நாத்தனாரை அப்படி 'வை', 'எண்ணு' என்று பேசியதில்லை. அவள் கழுத்து விறைத்தது. பேனாவை எடுத்துக்கொண்டாள்.

"ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கு. எது எங்க முடியுதுன்னே தெரியல."

"தெரியாதுதான். பார்த்துப் பார்த்துத்தான் தெரியும். எனக்கு எட்டு வருஷம் ஆச்சு."

"நீங்க எண்ணலாமே. உங்களுக்கு வேகமா வரும்."

"நான் தற்காலிகம்" என்றாள் அண்ணி. "நீயே எண்ணு."

அவள் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு தேதியை எழுதினாள். நாத்தனார் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்தாள். பேனா முனை கண்ணாடியில் பட்டுப் பட்டு எழும் சத்தம் மட்டும் கேட்டது. இடையில் ஒரு தடவை எண்ணிக்கை தவறி அவள் முதலிலிருந்து தொடங்கினாள். அண்ணி அதைப் பார்த்தாள். மதிய இடைவேளை மணி அடித்தபோது முதல் தட்டில் இரண்டாவது பாகம் நடந்துகொண்டிருந்தது. இன்னும் பத்துத் தட்டுகள் மூடியோடு அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. இருவரும் சாப்பிட எழுந்திருக்கவில்லை.